60 ஏக்கர், 50 மாடு, மூன்று பேர்: மலையகத்தில் ஆள் குறைவாக மாட்டுப்பண்ணை நடத்த முடியுமா?

தம்பி கேட்டிருப்பது இதுதான். இலங்கை மலையகத்தில் அக்கரப்பத்தனைப் பக்கம், 5,000 அடிக்கு மேலே, தேயிலை கைவிடப்பட்டுக் காடு பிடித்த 60 ஏக்கர் குத்தகைக்குக் கிடைக்கிறது. 100 கறவை மாடு வைக்க ஆசை. புல் அறுக்க ஆள் கிடைப்பதில்லை, வீட்டில் வேலைக்கு நிற்கக்கூடியவர்கள் மூன்று பேர்தான். அவுஸ்திரேலியாவில் நாலைந்து பேர் ஆயிரக்கணக்கான மாடுகளைப் பார்த்துக்கொள்கிறார்களே, இங்கே ஏன் முடியாது?

முடியும். ஆனால் 100 மாடு இல்லை, 50. அதுவும் இப்போது நம்முடைய லயங்களில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், மாடு வளர்க்கும் முறையை அப்படியே பெரிதாக்கினால் 20 மாட்டுக்கு மேல் தாண்ட மாட்டீர்கள்.

ஏன் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 450 கிலோ எடையுள்ள ஒரு கலப்பின மாடு ஒரு நாளைக்கு அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு பச்சைப் புல் தின்னும், அதாவது ஏறக்குறைய 45 கிலோ. 100 மாட்டுக்கு நாலரை டன். சரிவில் ஏறி இறங்கி, அறுத்து, கட்டி, தலையில் தூக்கி வருகிற ஒரு கெட்டிக்கார ஆள் நாள் முழுக்க உழைத்தாலும் 250, 300 கிலோவுக்கு மேல் கொண்டுவர முடியாது. புல்லுக்கு மட்டுமே பதினைந்து பேர் வேண்டும், மழை நாளில் இன்னும் கூட. அப்புறம் சாணம். ஒரு மாடு 25 கிலோ அளவுக்குச் சாணம் போடும், 100 மாடு என்றால் இரண்டரை டன், அதையும் அள்ளிச் சுமக்க வேண்டும். தண்ணீர் தனி. ஆக நம் ஊரில் மாட்டுப்பண்ணை வேலை என்பதில் பெரும்பகுதி மாட்டு வேலையே இல்லை, சுமை தூக்குகிற வேலை. கொழுந்து பறித்துவிட்டு வந்து, அதே கழுத்தோடு புல்லுக்கட்டுச் சுமக்கிற நம் பெண்களிடம் கேட்டால் சொல்வார்கள். ஒன்றிரண்டு மாடுள்ள வீட்டிலேயே அந்தப் பாரம் இப்படியென்றால், அதையே ஐம்பதால் பெருக்கி ஒரு தொழிலாக நடத்துவதை யாரும் செய்யக்கூடாது என்பதுதான் என் கருத்து.

ஆகவே ஆளைக் குறைப்பது எப்படி என்று யோசிக்காதீர்கள். சுமையைக் குறைப்பது எப்படி என்று யோசியுங்கள். மாட்டுக்கு நாலு கால் இருக்கிறது. புல்லிடம் அது போகட்டும், தண்ணீரிடம் அது போகட்டும், கறக்கிற இடத்துக்கும் அதுவே நடந்து வரட்டும். சாணத்தையும் அதுவே புல்வெளியில் போட்டுவிட்டு வரட்டும். நீங்கள் செய்யவேண்டியது அந்த நடைக்கு வழி அமைத்துக் கொடுப்பதுதான்.

அவுஸ்திரேலியா விஷயத்துக்கு வருகிறேன். தென் அவுஸ்திரேலியாவில் அன்னா கிரீக் என்று ஒரு பண்ணை உண்டு, 15,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். நம் மத்திய மாகாணத்தையும் ஊவா மாகாணத்தையும் சேர்த்தாலும் அந்த ஒரு பண்ணை அளவு வராது. வறண்ட பூமி, ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஒரு மாடு கூடத் தேறாது. அவை இறைச்சி மாடுகள், பால் கறப்பதில்லை, கன்று தாயோடேயே திரியும், வருடத்தில் ஓரிரு தடவைதான் ஹெலிகொப்டரும் மோட்டார் சைக்கிளும் வைத்து மந்தையை ஒன்று சேர்ப்பார்கள். அதை இங்கே கொண்டுவர முடியாது, அதற்கான நிலமும் இல்லை, இறைச்சிக்கு மாடு வளர்க்க நம்மில் பெரும்பாலானோருக்கு மனமும் இல்லை. ஆனால் அங்கிருந்து எடுத்துக்கொள்ள ஒரு விஷயம் இருக்கிறது. அந்த வறண்ட பூமியில் மாட்டைத் தேடிப் போகாமல் பிடிக்கவேண்டுமென்றால், தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி வேலி போட்டு, உள்ளே போகலாம் ஆனால் திரும்பி வர முடியாது என்கிற மாதிரி ஒரு வழிக் கேட் வைத்துவிடுவார்கள். தாகம் எடுத்த மாடு தானே வந்து உள்ளே நிற்கும். ஆள் ஓட வேண்டியதில்லை. மாட்டின் தேவையை வைத்தே மாட்டை நகர்த்துவது. இது 60 ஏக்கரிலும் செல்லும்.

உங்களுக்குக் கிட்டத்தில் உள்ள மாதிரி வேண்டுமென்றால் அம்பேவலைப் பண்ணையைப் பாருங்கள், 6,000 அடி உயரம், அதே குளிர், அதே மழை, புல்வெளி. தேசிய கால்நடை அபிவிருத்திச் சபையின் டயகம, போபத்தலாவ, மெனிக்பாலம பண்ணைகளும் உங்கள் காலநிலைக்குக் கிட்டத்தட்டப் பொருந்தும். அவை பெரிய பண்ணைகள், முதலீடும் பெரிது, அப்படியே பின்பற்ற முடியாது. ஆனால் இந்த உயரத்தில் ஐரோப்பிய இன மாடு புல்வெளியில் நின்று பால் கொடுக்கும் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

இனி 50 என்ற எண் எப்படி வந்தது என்று சொல்கிறேன். 60 ஏக்கரில் ஓடை, பாறை, மிகச் சரிவான பகுதி, வீடு, பாதை எல்லாம் போனால் மேய்க்கக்கூடியது 45 ஏக்கர் தேறலாம். நல்ல உரம் போட்ட கிகுயு புல் வருடத்துக்கு ஹெக்டயருக்கு 12 டன் வரை உலர் தீவனம் (ஈரத்தைக் கழித்த எடை) தரும், அதில் மாடு தின்பது ஒரு 10 டன். ஒரு கறவை மாட்டுக்கு நாளொன்றுக்கு 12 கிலோ உலர் தீவனம் வேண்டும், அதில் கொஞ்சம் புண்ணாக்கும் தவிடுமாக வெளியிலிருந்து வரும். கூட்டிக் கழித்தால் மேய்ச்சல் ஏக்கருக்கு ஒரு மாடு, அதைவிடச் சற்றுக் கூட. அதற்கு மேலே வைத்தால் ஜனவரியில் புல்லுக்கு ஆள் தேடி மறுபடி அதே கதைதான்.

புல்லைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் இங்கேதான் எல்லாம் நிற்கிறது. எல்லோரும் சிஓ-3 நடுங்கள் என்பார்கள். கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் உருவான கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் அது, கண்டி, குருநாகல் பக்கம் அருமையாக வரும். ஆனால் அது அறுத்துப் போடுகிற புல், மேய்க்கிற புல் இல்லை, 5,000 அடிக்கு மேலே குளிரில் அதன் வளர்ச்சியும் மந்தம். உங்களுக்கு வேண்டியது தரையில் படர்ந்து, மிதித்தாலும் சாகாமல், மறுபடி துளிர்க்கிற புல். கிழக்கு ஆபிரிக்க மலைகளில் பிறந்த கிகுயு அதற்கென்றே அமைந்தது. நம் மலைகளில் பாதையோரத்திலும் மைதானத்திலும் ஏற்கெனவே படர்ந்து கிடக்கிறது, கொடியை வெட்டிக்கொண்டு வந்து ஊன்றினால் போதும், விதை வாங்கத் தேவையில்லை. இடையிடையே வெள்ளைக் குளோவர் என்ற பயறினக் கொடியைப் போட்டால் நைதரசன் உரச் செலவு குறையும்.

ஆனால் பழைய தேயிலை மண் புளித்த மண். தேயிலைக்கு அது பிடிக்கும், புல்லுக்கும் குளோவருக்கும் பிடிக்காது. மண்ணைப் பரிசோதிக்கக் கொடுத்து, புளிப்பைக் காட்டும் பிஎச் அளவு 5.5க்குக் கீழே இருந்தால், அதை முறிக்க டொலமைட் என்ற சுண்ணாம்புக்கல் தூள் போட்ட பிறகே புல் ஊன்றுங்கள். டொலமைட் தோட்டங்களில் எல்லோரும் அறிந்த சாமான்தான், கஷ்டமில்லை. பழைய தேயிலைச் செடியை வேரோடு பிடுங்குவதுதான் பெரிய வேலை, அதற்கு மட்டும் கைக்காசுக்கு ஆட்களைப் பிடித்து ஒரேயடியாக முடித்துவிடுங்கள். வருடம் முழுக்க பத்துப் பேரை வைத்திருப்பது வேறு, ஒரு வேலைக்குப் பத்துப் பேரை ஒரு மாதம் கூப்பிடுவது வேறு. பிடுங்கின இடத்தை எல்லாம் ஒரே தடவையில் வெறும் மண்ணாக விட்டுவிடாதீர்கள், மே மாத மழையில் மேல்மண் முழுவதும் ஆற்றுக்குப் போய்விடும். துண்டு துண்டாகச் செய்யுங்கள். வெள்ளைக்காரன் காலத்தில் வெட்டின மழைநீர்க் கான்களைத் தூர்த்துவிடாதீர்கள், தூர் வாரி வைத்துக்கொள்ளுங்கள்.

கிகுயுவை எப்போது மேய்ப்பது என்பதற்குக் கடிகாரம் பார்க்க வேண்டாம், குனிந்து இலையை எண்ணுங்கள். மேய்ந்து முடித்த முளையில் புதிதாக நாலு அல்லது ஐந்து இலை வந்திருந்தால் மாடு போகலாம். இரண்டு இலையில் விட்டால் வேரில் இருக்கிற சத்து தீர்ந்து அடுத்த முறை புல் சோர்ந்துவிடும். ஆறு ஏழு இலை வரும்வரை விட்டால் அடி இலை மஞ்சளாகி, தண்டு முற்றி, மாடு நுனியைக் கடித்துவிட்டு மீதியை மிதித்துவிட்டுப் போகும், பால் அன்று மாலையே இறங்கும். நல்ல மழையும் வெயிலும் கலந்த மாதங்களில் இதற்கு 25, 30 நாள் பிடிக்கும். தை மாசியில் இரவில் உறைபனி விழுகிற காலத்தில் 45 நாளும் தாண்டும். ஆகவே 45 ஏக்கரை மூன்று மூன்று ஏக்கராகப் பதினைந்து துண்டாக நிரந்தர வேலி போட்டுப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் இரண்டு நாள் என்று வைத்தால் ஒரு சுற்று முப்பது நாள். குளிர் மாதங்களில் ஒவ்வொரு துண்டையும் தற்காலிகக் கம்பியால் மூன்றாக வெட்டி, நாளுக்கு ஒன்றாக விட்டால் சுற்று 45 நாளாக நீளும். மாடு நகர்வதற்கு ஒருவர் ஒரு கம்பியைச் சுருட்டி எடுத்தால் போதும், பத்து நிமிட வேலை.

வேலி என்றால் முள்ளுக்கம்பி இல்லை. சரிவில் முள்ளுக்கம்பிக்கு அடிக்கு அடி கட்டை வேண்டும், மடி கிழியும், செலவும் அதிகம். யானை வேலி மாதிரி மின்சார வேலிதான், ஆனால் அதைவிடச் சின்னது. பழகின மாட்டுக்கு மூக்கு உயரத்தில், அதாவது இரண்டே முக்கால், மூன்று அடி உயரத்தில் ஒரே ஒரு கம்பி போதும். சூரிய ஒளியில் ஓடுகிற, ஒரு செக்கனுக்கு ஒரு தடவை துடிப்பு அனுப்புகிற வேலிப் பெட்டி கிடைக்கிறது. பெட்டியில் காசைப் போட்டுவிட்டு நிலத்துக்கம்பியில் சிக்கனம் பிடிப்பவர்களே அதிகம். ஆறடி நீளக் கம்பி மூன்றை, ஒன்றுக்கொன்று பத்தடி தள்ளி, ஈரம் தங்குகிற இடமாகப் பார்த்து அடியுங்கள். வேலியின் கடைசி மூலையில் அளந்தால் 4,000 வோல்டுக்குக் குறையக்கூடாது. குறைந்தால் எங்கோ புல் வளர்ந்து கம்பியைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பின்னேர இடி வரும்போது பெட்டியைக் கழற்றி வைக்க ஒரு சுவிட்ச் வைத்துக்கொள்ளுங்கள், இடிதான் பெட்டிக்கு எமன். கட்டைக்கு முள்முருங்கைக் கொப்பை ஊன்றினால் அதுவே துளிர்த்து உயிர் வேலியாகும், இலை மாட்டுக்குத் தீனியாகவும் ஆகும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். வீட்டுக் கரண்டைக் கம்பியில் நேரடியாகக் கொடுக்கவே கூடாது. காட்டுப்பன்றிக்கு என்று அப்படிக் கொடுத்து மனிதர் செத்த செய்தியை நாம் எத்தனை தடவை கேட்டிருக்கிறோம். அது வேலி இல்லை, கொலை. சட்டப்படியும் குற்றம். வேலிப் பெட்டியில் வருகிற துடிப்பு ஒரு கணத்தில் அடித்துவிட்டு நின்றுவிடும், தொட்ட மாடும் மனிதரும் உதறிக்கொண்டு விலகலாம். வீட்டுக் கரண்ட் விடாது.

புது மாட்டை நேரே புல்வெளியில் விடாதீர்கள், வேலியை உடைத்துக்கொண்டு போய்விடும். கொட்டிலுக்குப் பக்கத்தில் வலுவான பலகை அடைப்புக்குள் ஒரு மின்கம்பியைக் கட்டி இரண்டு நாள் அதற்குள் நிறுத்துங்கள். அது கம்பியைப் பார்க்கும், மோந்து பார்க்கக் கழுத்தை நீட்டும், ஈர மூக்கு பட்டதும் பின்னால் துள்ளி நிற்கும். பிறகு ஒருநாளும் அந்தக் கம்பியை அது மறக்காது, கரண்ட் இல்லாத நாளிலும் தாண்டாது.

தண்ணீர் விஷயத்தில் மலைக்காரர்களுக்கு யாருக்கும் இல்லாத வசதி இருக்கிறது. பீலியில் வருகிற ஊற்றுத் தண்ணீரை மேலே ஒரு தொட்டியில் பிடித்து, கறுப்புக் குழாயில் கீழே இறக்கினால் பம்பும் வேண்டாம், கரண்டும் வேண்டாம். கறவை மாடு ஒரு நாளைக்கு 60 முதல் 100 லீட்டர் வரை குடிக்கும், 50 மாட்டுக்கு 4,000 லீட்டருக்குக் குறையாமல் ஊற்று வரவேண்டும், அதைக் கோடையில், மார்ச் மாதத்தில் அளந்து பாருங்கள், மழைக்காலத்தில் அளந்தால் ஏமாந்துவிடுவீர்கள். பத்து மீட்டர் இறக்கத்துக்கு ஒரு பார் அழுத்தம் கூடும். அறுபது எழுபது மீட்டர் கீழே போனால் மலிவான குழாய் வெடித்துவிடும், நடுவில் ஒரு சின்னத் தொட்டி வைத்து அழுத்தத்தை உடைத்துவிட்டு மறுபடி இறக்குங்கள். ஒவ்வொரு இரண்டு துண்டுக்கும் நடுவில் மிதவை வால்வு பூட்டிய ஒரு தொட்டி இருந்தால் இரு பக்க மாடும் குடிக்கும். மாடுகள் கூட்டமாக வந்துதான் குடிக்கும், ஆகவே சின்னக் குழாய் போட்டுத் தொட்டி நிறையக் காத்திருக்க வைக்காதீர்கள், பலசாலி மாடு குடித்துவிட்டுப் போனதும் எல்லாம் அதன் பின்னால் போய்விடும், சாது மாடுகள் தாகத்தோடு நிற்கும்.

பாதை. தோட்டத்தில் ஏற்கெனவே இருக்கிற பழைய வண்டிப் பாதைகள் சரிவுக்குக் குறுக்கே, மெல்ல ஏறுகிற மாதிரி வெட்டியவை. அவற்றைத்தான் மாட்டுப் பாதையாக்க வேண்டும். குறுக்குவழி என்று நேரே மேலே ஏற்றினால் முதல் மழையிலேயே அது ஓடையாகிவிடும், மாட்டுக்குக் குளம்பும் போய்விடும். கூரிய கருங்கல் சல்லியும் வேண்டாம். ஒவ்வொரு துண்டின் கேட்டும் கொட்டில் பக்கம் உள்ள மூலையில் இருக்கட்டும். மாடு வீடு திரும்புகிற திசையில் கேட் இருந்தால் விரட்டத் தேவையே இல்லை, கறக்கும்போது கொஞ்சம் புண்ணாக்கு கிடைக்கும் என்று தெரிந்தால் குரல் கேட்டதும் தலைமாடு முன்னால் நடக்கும், மற்றது எல்லாம் வரிசையாகப் பின்னால் வரும். நியூசிலாந்தில் நேரம் குறித்து வைத்தால் தானே கேட்டைத் திறந்துவிடுகிற சூரிய ஒளிப் பூட்டு கூட உண்டு, விடிகாலையில் ஆள் போவதற்குள் மாடு கொட்டில் வாசலில் வந்து நிற்கும். உங்களுக்கு இப்போது அது தேவையில்லை, ஐந்து நிமிட நடைதான்.

சரிவைப் பற்றி ஒரு எச்சரிக்கை. கைகளை ஊன்றி ஏறுகிற அளவுக்குச் சரிவான இடத்தில் மாட்டை ஏற்றவே வேண்டாம், அங்கே மரத்தை வையுங்கள். மழைக்காலத்தில் மாட்டுக் குளம்பு படி படியாகச் சரிவை வெட்டும், அதில் நீர் தங்கி இறங்கும். 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களோடு மலை இறங்கியதை நாம் மறக்க முடியாது. நிலத்தை எடுக்கும் முன் அது மண்சரிவு அபாயப் பகுதியா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், கொட்டிலும் வீடும் எங்கே கட்டுவது என்பதை அதை வைத்தே முடிவு செய்யுங்கள்.

எந்த மாடு? இந்த நிலத்துக்கு ஜேர்சி, அல்லது ஜேர்சி கூடின கலப்பு. பிரீசியன் அதிக பால் தரும், ஆனால் 550, 600 கிலோ எடை, ஈரச் சரிவில் புல்லையும் மண்ணையும் உழுதுவிடும், வெளித் தீவனமும் நிறையக் கேட்கும். ஜேர்சி 400 கிலோ சுற்றி, நடக்கச் சலிக்காது, பால் கெட்டி. இங்கே பாலுக்குக் கொழுப்பையும் கொழுப்பற்ற திண்மத்தையும் பார்த்துத்தான் காசு, ஆகவே லீட்டர் குறைந்தாலும் விலையில் ஒரு பகுதி திரும்பி வரும். ஜேர்சிக்கு ஒரே பலவீனம், கன்று போட்டவுடன் கல்சியம் இறங்கிப் படுத்துவிடும். காது குளிர்ந்து, கழுத்தை ஒரு பக்கம் மடித்துப் படுத்திருந்தால் காத்திருக்க வேண்டாம், உடனே மிருக வைத்தியரைக் கூப்பிடுங்கள், ஊசி ஏற்றினால் கண் முன்னே எழுந்து நிற்கும், விட்டால் செத்துவிடும். கிகுயுவில் உப்புச் சத்துக் குறைவு, உப்புக் கட்டியும் தாதுக் கலவையும் எப்போதும் வைத்திருங்கள்.

பால் கறப்பதுதான் நாளில் பாதி வேலையைத் தின்னும். ஆள் குறைவென்றால் கையால் கறப்பது நடக்காது. மாடு சாய்வாக வரிசையில் நிற்க, ஆள் இரண்டரை, மூன்றடிப் பள்ளத்தில் நின்று குனியாமல் கறக்கிற மாதிரி ஒரு எளிய கொட்டில், காம்பில் மாட்டுகிற கறவை இயந்திரக் கொத்து ஆறு, இருந்தால் 50 மாட்டை ஒன்றரை மணி நேரத்தில் இரண்டு பேர் முடிக்கலாம். ரப்பர் குழாய்களைக் காலம் தவறாமல் மாற்றுங்கள், வெடித்த ரப்பரில் கறந்தால் மடி நோய் வரும், அதில் மிச்சம் பிடிக்கிற காசு மருந்துக்குப் போய்விடும். கரண்ட் போகும், ஜெனரேட்டர் கட்டாயம்.

அப்புறம் நான் மிகவும் நம்புகிற ஒரு விஷயம், ஒரு நாளைக்கு ஒரே தடவை கறப்பது. கேட்டால் இங்கே யாரும் ஏற்க மாட்டார்கள், மாடு கெட்டுப்போகும் என்பார்கள். நியூசிலாந்தில் ஆள் இல்லாத பண்ணைகள் இதைச் சாதாரணமாகச் செய்கின்றன. பால் ஐந்தில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை குறையும், ஆனால் கொழுப்பு கூடும், மாடு மெலியாது, சீக்கிரம் சினை பிடிக்கும், உங்கள் பின்னேரம் முழுவதும் மிச்சம். ஜேர்சி இதைத் தாங்கும், கனமாகக் கறக்கிற பிரீசியன் தாங்காது, மடி வலியில் கத்தும். கன்று போட்ட முதல் மூன்று நாலு மாதம் இரண்டு வேளை கறந்துவிட்டு, பிறகு காலை மட்டும் கறப்பது உங்களுக்குப் பொருந்தும். இடையில் இரண்டு நாளில் மூன்று தடவை என்று கறப்பவர்களும் உண்டு. பால் லொறி காலையில்தான் வரும், பின்னேரப் பாலை இரவு முழுக்க 4 பாகையில் குளிரவைக்க வேண்டும், அந்தச் செலவும் குறைகிறது. ஆனால் மடி நோய் ஏற்கெனவே உள்ள மாட்டோடு இதைத் தொடங்காதீர்கள், கூடிவிடும்.

கன்று போடுவதைச் சிதறவிட்டால் மூன்று பேரால் சமாளிக்க முடியாது. வருடம் முழுக்க ஒன்று கன்று போடும், ஒன்று பருவத்துக்கு வரும், ஒன்று பால் வற்றும், எல்லா வேலையும் எல்லா நாளும் இருக்கும். மூன்றில் இரண்டு பங்கு மாட்டை மார்ச், ஏப்ரலில் கன்று போடுகிற மாதிரி வையுங்கள், சித்திரை மழைக்குப் புல் எழும்போது பாலும் எழும். மீதியைச் செப்டெம்பரில். மாதாமாதம் காசு வர அந்த மூன்றில் ஒரு பங்கு வேண்டும். சினைக்காலம் 283 நாள், மார்ச் 20 கன்று வேண்டுமென்றால் ஜூன் 10 அளவில் சினைப்படுத்த வேண்டும். கன்று போட இரண்டு மாதம் முன்பே பால் வற்றவைப்பதால் தை மாசியில், புல் இல்லாத, உறைபனி விழுகிற அந்தக் காலத்தில், பெரும்பாலான மாடு கறவையில் இருக்காது. பொங்கலை நிம்மதியாகக் கொண்டாடலாம். செயற்கைச் சினைப்படுத்தலுக்கு அரச மிருக வைத்திய அலுவலகம் மூலம் குண்டசாலை நிலையத்தின் விந்து கிடைக்கும். பருவம் பிடிப்பதற்கு வாலடியில் வண்ணம் பூசிவிடுங்கள், இன்னொரு மாடு ஏறினால் வண்ணம் அழிந்திருக்கும், கறக்கும்போதே தெரிந்துவிடும். காலையில் பருவம் கண்டால் மாலையில், மாலையில் கண்டால் மறுநாள் காலையில் சினை ஊசி. இரண்டு தடவையிலும் நிற்காததற்குக் காளை. ஜேர்சிக் காளை உருவத்தில் சிறியது, குணத்தில் பொல்லாதது, தனியாக அதன் அடைப்புக்குள் யாரும் போகக்கூடாது, பிள்ளைகளை அண்ட விடாதீர்கள்.

சாணத்துக்குக் கவலைப்படாதீர்கள். பெரும்பகுதி புல்வெளியில் விழும். கொட்டிலில் விழுவதைக் கழுவிக் கீழே குழிக்கு விட்டால், காய்ந்ததை நுவரெலியா, வெலிமடைப் பக்கத்து மரக்கறித் தோட்டக்காரர்கள் லொறி கொண்டுவந்து, அவர்களே ஏற்றி, காசும் கொடுத்து எடுத்துப்போவார்கள்.

எங்கே ஆளைக் குறைக்கக்கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கன்றில் குறைக்காதீர்கள். பிறந்து ஆறு மணி நேரத்துக்குள் சீம்பால் இரண்டு மூன்று லீட்டர் உள்ளே போயிருக்க வேண்டும், காய்ந்த, காற்றுப் படாத, தரையிலிருந்து உயர்த்திய பலகைத் தளம் வேண்டும். மழையில் நனைந்த கன்றுக்குச் சளி பிடித்தால் இரண்டு நாளில் போய்விடும். இரவில் கட்டாயம் அடைப்புக்குள், இந்த மலைகளில் சிறுத்தை இருக்கிறது, நாயைத் தூக்குகிறது கன்றை விடுமா? அதேபோல் மாட்டைப் பார்ப்பதில் குறைக்காதீர்கள். தினம் இரண்டு தடவை ஒருவர் ஒவ்வொரு மாட்டையும் கண்ணால் பார்க்க வேண்டும், எது பின்தங்கி நிற்கிறது, எது அசைபோடவில்லை, எதன் கால் நொண்டுகிறது. சுமை தூக்குவதில் மிச்சமான நேரத்தை இதற்குத்தான் செலவழிக்க வேண்டும், இல்லையென்றால் மிச்சம் பிடித்ததில் அர்த்தமே இல்லை. உங்களுக்கு நோய் வந்தால், கலியாணம் காட்சி என்று போனால், மாற்றுக்கு நிற்க ஒரு நாலாவது ஆள் வேண்டும். அதற்கு லயத்தில் மாடு வளர்த்துப் பழகின ஒரு அக்காவைத் தேடுங்கள். மாட்டின் மூச்சை வைத்து நோய் சொல்கிறவர்கள் அவர்களில் இருக்கிறார்கள். நாள் பேர் போட்டுக் கூலி கொடுக்காதீர்கள், பாலில் பங்கு கொடுங்கள், கொட்டிலுக்குக் கிட்ட ஒழுகாத வீடு கொடுங்கள், வாரம் ஒரு நாள் லீவு கொடுங்கள். தோட்டத்து வேலையை விட்டு நம் பிள்ளைகள் கொழும்புக் கடைகளுக்கு ஓடுவது சம்பளத்துக்காக மட்டும் இல்லை, மரியாதைக்காகவும்தான்.

கடைசியாக மாடு வாங்குவது. முதல் வருடம் 50ஐயும் வாங்கவேண்டாம். வேலி, தண்ணீர், 15 ஏக்கர் புல் தயாரானதும் 15 மாடு போதும். கீழ்நாட்டிலிருந்து லொறியில் ஏற்றி வராதீர்கள், குளிரும் மழையும் பழகவே ஒரு பருவம் போய்விடும். உங்கள் சுற்றுவட்டத் தோட்டங்களிலேயே பிறந்து வளர்ந்த, நாலைந்து மாதச் சினைக் கிடாரிகளாகத் தேடுங்கள். சினையை வைத்தியரைக் கொண்டு உறுதிப்படுத்துங்கள், கால், வாய் நோய்க்கு (கோமாரி) ஊசி போட்டிருக்கிறதா என்று கேளுங்கள், நாலு காம்பும் சமமாக இருக்கிறதா பாருங்கள், இறக்கமான பாதையில் நடக்கவிட்டுப் பாருங்கள். அதற்கும் முன்னால், குத்தகைப் பத்திரத்தில் தேயிலை நிலத்தை மேய்ச்சலாக மாற்ற அனுமதி இருக்கிறதா, எத்தனை வருடம், ஊற்றுத் தண்ணீர் யாருக்குச் சொந்தம் என்ற மூன்றையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள். பத்து வருடத்துக்குக் குறைந்த குத்தகை என்றால் எடுக்கவேண்டாம், டொலமைட்டும் குழாயும் வேலியும் போட்ட காசு திரும்புவதற்குள் நிலம் கையை விட்டுப் போய்விடும்.